கூட்டணி அமைச்சரவையில் நாற்காலி யாருடையது?

வடசென்னைக்காரர்களுக்கு அமைச்சர் என்றால் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிற ஆள் இல்லை. ஆர்.கே. நகரில் 2015 இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் ஜெயித்த ஜெயலலிதா முதல்வராக இருந்தார். ராயபுரத்தின் ஜெயக்குமார் மீன்வளத் துறையை வைத்திருந்தார். 2021-ல் கொளத்தூரில் ஜெயித்த மு.க. ஸ்டாலின் முதல்வரானார், துறைமுகம் தொகுதியின் பி.கே. சேகர்பாபு அறநிலையத் துறை அமைச்சரானார். தெருவில் ஒரு குறை என்றால் எந்த அமைச்சரைப் பார்க்கலாம் என்று யோசிக்கிற பழக்கம் இங்கே உண்டு.

ஆனால் இந்த நான்கு பேரும் இருந்தது ஒரு கட்சி மட்டுமே உள்ள அமைச்சரவைகளில். 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் அமைந்தது அப்படித்தான். தேர்தலில் கூட்டணி இருக்கும், கோட்டையில் இருக்காது. 2006-ல் திமுகவுக்கு 234-ல் 96 இடம்தான் கிடைத்தது. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது, ஐந்து வருடம் ஆட்சி ஓடியது.

தண்டையார்பேட்டையில் குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். அவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சட்டப் பிரிவின் எண்ணைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். ‘ஆட்சியில் பங்கு’ என்று ஒரு கட்சி கேட்கும்போது அது நடைமுறையில் எதைக் கேட்கிறது என்றால் அமைதியாகிவிடுவார்கள். பழகாத விஷயம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்காகவும், செய்தியில் ‘அமைச்சரவை மாற்றம்’ என்று வந்தால் ஏன், எதற்கு என்று புரியாமல் கடந்து போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கூட்டணி அமைச்சரவை நமக்கு அடியோடு புதிது என்றும் சொல்ல முடியாது. 1952-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்கு வந்தது 152. ராஜாஜி முதல்வரானபோது காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் சேர்ந்தார். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியாரும் அமைச்சரானார். எண்ணிக்கை பற்றாதபோது பக்கத்துக் கட்சிக்கு நாற்காலி கொடுப்பது அப்போதே இங்கே நடந்தது.

சட்டம் சொல்வது, சொல்லாதது

அரசியலமைப்பின் 164-வது பிரிவு சுருக்கமாகச் சொல்வது இதுதான்: முதல்வரை ஆளுநர் நியமிக்கிறார். மற்ற அமைச்சர்களை முதல்வரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். அமைச்சரவை மொத்தமாகச் சட்டமன்றத்துக்குப் பொறுப்பு. யாருக்கு எந்த இலாகா என்பதும் முதல்வர் சொல்வதுதான், ஆளுநர் பெயரில் அறிவிப்பாக வரும். அவையில் உறுப்பினராக இல்லாதவர்கூட அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும்.

இதில் ‘கூட்டணி’ என்று ஒரு சொல்லும் கிடையாது. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், யார் எத்தனை வருடம் என்று எதுவும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் எல்லா நாற்காலியும் முதல்வர் கையில்தான். ஆனால் கூட்டணி ஆட்சியில் முதல்வர் முதல்வராக இருப்பதே மற்ற கட்சிகளின் கையெழுத்தால். சட்டம் முதல்வருக்குக் கொடுத்த அதிகாரத்தில் ஒரு பகுதியை, கட்சிகளுக்குள் நடக்கும் உடன்பாடு திரும்ப எடுத்துக்கொள்கிறது. காசிமேட்டில் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய விசைப்படகைக் கடலில் ஒருவர்தான் ஓட்டுவார், எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர்தான் முடிவு செய்வார், ஆனால் கரைக்கு வந்ததும் மீனை அவர் இஷ்டத்துக்குப் பிரிக்க முடியாது இல்லையா, அப்படி.

எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது. 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ள 93 பேரை அமைச்சராக்கினார். இப்படிப் போனால் எங்கே நிற்கும் என்ற கவலையில்தான் 2003-ல் 91-வது திருத்தம் வந்தது. முதல்வரையும் சேர்த்து, சட்டமன்ற மொத்த இடங்களில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு 35. கேரளத்தில் 140 இடம், அதனால் 21. கேரளத்தின் இந்த 21-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளம், 2021 முதல்

ஒரு முழுப் பதவிக்காலத்தில் கூட்டணி அமைச்சரவை எப்படி மாறுகிறது என்று பார்க்க, பினராயி விஜயனின் இரண்டாவது அமைச்சரவையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்சி கவிழும் பயம் எதுவும் இருக்கவில்லை, இடது ஜனநாயக முன்னணிக்கு 140-ல் 99 இடம் கிடைத்திருந்தது. அதனால் ஒவ்வொரு மாற்றத்தின் காரணமும் கலங்காமல் தெரிகிறது.

2021 மே 20 அன்று 21 பேர் பதவியேற்றார்கள். வரம்பு அன்றைக்கே நிரம்பிவிட்டது. சிபிஎம்முக்கு முதல்வரோடு 12, சிபிஐக்கு 4. கேரள காங்கிரஸ் (எம்), மதச்சார்பற்ற ஜனதா தளம், தேசியவாத காங்கிரஸ் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒன்று. ஆக 19. மீதி இரண்டு.

அந்த இரண்டுக்குத்தான் கூட்டம். ஒரே ஒரு எம்எல்ஏவை வைத்திருந்த கட்சிகள் ஐந்து இருந்தன. அவற்றில் லோக்தாந்திரிக் ஜனதா தளத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. மற்ற நான்கும் இரண்டு நாற்காலியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. முதல் இரண்டரை வருடம் ஜனநாயக கேரள காங்கிரசின் ஆன்டனி ராஜுவும் இந்திய தேசிய லீக்கின் அகமது தேவர்கோவிலும் அமைச்சர்கள். அடுத்த இரண்டரை வருடம் கேரள காங்கிரஸ் (பி)யின் கணேஷ் குமாரும் காங்கிரஸ் (எஸ்)ஸின் கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும். பதவியேற்பதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்த ஏற்பாடு இது.

அமைச்சர் பதவி மட்டும்தான் பங்கு என்று நினைக்க வேண்டாம். சபாநாயகர் சிபிஎம், துணை சபாநாயகர் சிபிஐ. ஆளும் தரப்பு எம்எல்ஏக்களை அவையில் கட்டிக்காக்கும் தலைமைக் கொறடா பதவி கேரள காங்கிரஸ் (எம்)முக்குப் போனது. கொறடாவுக்கு அமைச்சர் அந்தஸ்து உண்டு, ஆனால் அந்த 21 கணக்கில் வராது. வரம்பு வந்த பிறகு இந்த மாதிரிப் பதவிகளின் மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் கருத்து.

சரி, இனி மாற்றங்கள்.

2022 ஜூலையில் மீன்வளம், கலாசாரம் வைத்திருந்த சஜி செரியன், அரசியலமைப்பைப் பற்றிப் பேசிய பேச்சு பெரிய எதிர்ப்பைக் கிளப்பி ராஜினாமா செய்தார். அவருடைய இடத்தில் யாரும் வரவில்லை. இலாகாக்கள் சிபிஎம்மின் மற்ற அமைச்சர்களுக்குப் பிரிந்தன. 2023 ஜனவரியில் அவரே திரும்ப வந்து பதவியேற்றார். அந்த ஆறு மாதமும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஒரு நாற்காலிக்காக இரண்டு கட்சி பாதிப் பாதியாகக் காத்திருக்கும் முன்னணியில், காலியாக இருக்கிறதே, எங்களுக்குக் கொடுங்கள் என்று அதை யாரும் வாங்கிவிட முடியவில்லை. அது சிபிஎம்மின் 12-ல் ஒன்று. ஆள் போனாலும் நாற்காலி கட்சியிடமே இருக்கும்.

அதே 2022 ஆகஸ்டு கடைசியில் எம்.வி. கோவிந்தன் சிபிஎம்மின் மாநிலச் செயலாளரானார், அமைச்சர் பதவியை விட்டார். சபாநாயகராக இருந்த எம்.பி. ராஜேஷ் செப்டம்பரில் அமைச்சரானார், ஏ.என். ஷம்சீர் சபாநாயகரானார். மூன்று பெரிய பதவிகள் நகர்ந்தன, கூட்டணிக் கட்சி எதுவும் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை. இது ஒரு கட்சியின் வீட்டு விஷயம். 2024 ஜூனில் நடந்ததும் இதே வகைதான்: கே. ராதாகிருஷ்ணன் ஆலத்தூரில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார், மானந்தவாடியின் ஓ.ஆர். கேளு அமைச்சரானார். ஆனால் ராதாகிருஷ்ணனின் எல்லா இலாகாவும் கேளுவுக்கு வரவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் நலம் அவருக்கு வந்தது, கோயில் நிர்வாகம் பார்க்கும் தேவஸ்வம் துறை வி.என். வாசவனுக்குப் போனது, சட்டமன்ற விவகாரம் ராஜேஷுக்குப் போனது.

முன்னணியின் உடன்பாட்டால் நடந்த மாற்றம் 2023 டிசம்பரில் வந்தது. இரண்டரை வருடம் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அப்போது முதல்வரும் எல்லா அமைச்சர்களும் தொகுதி தொகுதியாக ‘நவ கேரள சதஸ்’ பயணத்தில் இருந்தார்கள். அது முடிந்த கையோடு டிசம்பர் 24 அன்று ஆன்டனி ராஜுவும் தேவர்கோவிலும் ராஜினாமா செய்தார்கள், 29 அன்று கணேஷ் குமாரும் கடன்னப்பள்ளியும் பதவியேற்றார்கள்.

இதைப் பாடத்தில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், அப்போ தேவர்கோவில் என்ன தப்பு பண்ணார்?” எந்தத் தப்பும் இல்லை. நமக்கு அமைச்சர் மாற்றம் என்றால் யாரோ கோபித்துக்கொண்டார்கள், ஏதோ புகார், வேலை சரியில்லை என்றுதான் தோன்றும், ஏனென்றால் ஒரே கட்சி ஆட்சியில் பெரும்பாலும் அப்படித்தான். கூட்டணியில் ஒருவர் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே தவணை முடிந்து இறங்க வேண்டி வரலாம். மக்களுக்கு அது நல்லதா என்று கேட்டால், எனக்குத் தயக்கம்தான். போக்குவரத்து மாதிரி ஒரு துறையைப் புரிந்துகொள்ளவே ஒருவருக்கு வருடம் ஆகும். ஆனால் ஒரே எம்எல்ஏ உள்ள கட்சியும் முடிவெடுக்கும் மேசையில் உட்கார வேண்டும் என்றால், 21 என்ற வரம்புக்குள் வேறு வழி என்ன இருக்கிறது?

நாற்காலி வேறு, இலாகா வேறு

அந்த டிசம்பர் மாற்றத்தில் நான் ரொம்ப நேரம் பாடம் எடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. தேவர்கோவில் வைத்திருந்தது துறைமுகம், அருங்காட்சியகம், தொல்லியல். அவருடைய இடத்துக்கு வந்த கடன்னப்பள்ளி, முந்தைய 2016 ஆட்சியில் இதே மூன்றையும் பார்த்தவர். அப்படியே அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. துறைமுகம் சிபிஎம்மின் வாசவனுக்குப் போனது, வாசவனிடம் இருந்த பத்திரப் பதிவு கடன்னப்பள்ளிக்கு வந்தது.

காரணம் என்னவாக இருக்கும்? விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கப்பல் 2023 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை கேரளத் துறைமுக இலாகா சின்ன இலாகாவாக எண்ணப்பட்டது, அதன் பிறகு அப்படி இல்லை. பெரிய கட்சி அதைத் தன் கையில் வைத்துக்கொண்டது என்று நான் படிக்கிறேன். உடன்பாடு நாற்காலியைக் காப்பாற்றியது, இலாகாவைக் காப்பாற்றவில்லை. கூட்டணிப் பேச்சில் ‘எத்தனை அமைச்சர்’ என்பதோடு ‘எந்த இலாகா’ என்று கட்சிகள் ஏன் மல்லுக்கட்டுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேட வேண்டியதில்லை.

(துறைமுகம் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகள் சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தையும் நினைப்பார்கள். அவை இரண்டும் ஒன்றிய அரசின் கீழ் வரும் பெருந்துறைமுகங்கள். மாநிலத் துறைமுக அமைச்சருக்கு அங்கே வேலை இல்லை. விழிஞ்ஞம் மாநில அரசின் திட்டம், அதனால் கதை வேறு.)

மாற்றாமல் விட்டதும் ஒரு முடிவுதான். தேசியவாத காங்கிரசின் இரண்டு எம்எல்ஏக்களில் சசீந்திரன் அமைச்சராக இருந்தார். அவரை இறக்கிவிட்டு தாமஸ் கே. தாமஸை அமைச்சராக்க வேண்டும் என்று அந்தக் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த பி.சி. சாக்கோ தரப்பு கேட்டது. நாற்காலி கட்சியுடையது என்றால் கட்சி கேட்டதும் நடந்திருக்க வேண்டும் அல்லவா? முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை, சசீந்திரன் தொடர்ந்தார். ஆளுநரிடம் பெயரைக் கொண்டுபோகிறவர் முதல்வர்தான். சின்னக் கட்சி உள்ளுக்குள் பிளந்திருக்கும்போது சட்டம் கொடுத்த அதிகாரம் முழுசாக முதல்வரிடம் திரும்பி வருகிறது.

இன்னொன்று இன்னும் விசித்திரம். 2023 செப்டம்பரில் மதச்சார்பற்ற ஜனதா தளம் தேசிய அளவில் பாஜக கூட்டணியில் சேர்ந்தது. கேரளத்தில் அந்தக் கட்சியின் கே. கிருஷ்ணன்குட்டி இடது முன்னணியின் மின்துறை அமைச்சர். கேரளக் கிளை டெல்லி முடிவை ஏற்கவில்லை, அவர் அமைச்சராகவே தொடர்ந்தார். எதிர்க்கட்சி விடாமல் கேட்டது, அமைச்சரவை அசையவில்லை.

பக்கத்தில் புதுச்சேரி

கேரளம் தூரம் என்றால் புதுச்சேரியைப் பார்க்கலாம். அது ஒன்றியப் பிரதேசம், விதிகள் கொஞ்சம் வேறு, ஆனால் கூட்டணிக் கணக்கு ஒன்றுதான். 2021 மே 7 அன்று ரங்கசாமி தனியாக முதல்வர் பதவியேற்றார். என்.ஆர். காங்கிரசும் பாஜகவும் பேசி முடித்து மற்ற ஐந்து அமைச்சர்கள் பதவியேற்க ஜூன் 27 ஆகிவிட்டது. பிறகு என்.ஆர். காங்கிரசின் சந்திர பிரியங்கா பதவி இழந்தபோது, 2024 மார்ச்சில் அதே கட்சியின், அதே காரைக்கால் பகுதியின் திருமுருகன் வந்தார். 2025-ல் பாஜகவின் சாய் சரவணன்குமார் விலகியபோது பாஜகவின் ஜான்குமார் வந்தார். கட்சிப் பங்கு மட்டும் இல்லை, வட்டாரப் பங்கும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

உடன்பாட்டை மீறினால்?

நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 2006 பிப்ரவரியில் கர்நாடகத்தில் மதச்சார்பற்ற ஜனதா தளமும் பாஜகவும் முதல்வர் பதவியையே பாதிப் பாதியாக, 20 மாதம் வீதம் பிரித்துக்கொண்டன. ஜனதா தளத்தின் குமாரசாமியின் முறை முடிந்தபோது 2007 அக்டோபரில் அவர் இறங்கவில்லை, ஆதரவை பாஜக விலக்கியது. பேச்சு நடந்து நவம்பரில் பாஜகவின் எடியூரப்பா முதல்வரானார், ஜனதா தளம் ஆதரவு தராததால் ஒரு வாரத்தில் பதவி போனது. கடைசியில் தேர்தல்தான். உடன்பாட்டுக்குக் காவல் எம்எல்ஏ எண்ணிக்கை மட்டுமே. கேரளத்தில் ஒரு எம்எல்ஏ கட்சிகளுக்குக் கொடுத்த வாக்கு, ஆட்சிக்கு அவர்கள் தயவு தேவைப்படாத நிலையிலும் காப்பாற்றப்பட்டது. அந்த முன்னணியின் எல்லாச் செயலையும் நான் ஏற்பவன் இல்லை, ஆனால் இதை மதிக்கிறேன்.

ஆளுநர் நினைத்தால் ஓர் அமைச்சரை நீக்க முடியுமா என்றும் கேட்பார்கள். அமைச்சர்கள் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்று 164-வது பிரிவு சொல்வது உண்மை. 2022 அக்டோபரில் கேரள ஆளுநர் ஆரிப் முகமது கான், நிதியமைச்சர் பாலகோபால்மீது தனக்கு அந்த விருப்பம் இல்லை என்று முதல்வருக்கு எழுதினார். முதல்வர் ஏற்கவில்லை, பாலகோபால் தொடர்ந்தார். நம் ஊரில் 2023 ஜூன் 29 அன்று, கைதாகி இலாகா இல்லாத அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியை ஆளுநர் ரவி நீக்குவதாக அறிவித்து, அன்றிரவே நிறுத்தி வைத்தார். நடைமுறையில் முதல்வர் சொல்லாமல் அமைச்சர் போவதில்லை.

முதல்வர் போனால் மட்டும் எல்லோரும் போகிறார்கள். 2016 டிசம்பர் 5 இரவு நம் ஆர்.கே. நகர் எம்எல்ஏவாக இருந்த ஜெயலலிதா இறந்ததும், ஓ. பன்னீர்செல்வத்தோடு மற்ற அமைச்சர்கள் எல்லோரும் நடுராத்திரிக்குப் பிறகு புதிதாகப் பதவியேற்றது அதனால்தான். அதே ஆட்கள், அதே இலாகாக்கள், ஆனால் சட்டப்படி வேறு அமைச்சரவை.

நம் தெருவுக்கு என்ன?

இலாகா மாறினால் மனுவை மறுபடி எழுத வேண்டுமா என்று அப்பாக்கள் அம்மாக்கள் கேட்கிறார்கள். வேண்டாம். கோப்பு துறைச் செயலாளரிடமும் வாரியத்திடமும் இருக்கிறது, அமைச்சர் பையில் இல்லை. ஆனால் எந்த வாரியம் எந்த அமைச்சரிடம் இருக்கிறது என்பதைப் பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. 2021-ல் வீட்டுவசதித் துறை அமைச்சர் முத்துசாமி. ஆனால் நாம் இன்றும் ஸ்லம் போர்டு என்று சொல்லும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இருந்தது ஊரகத் தொழில்துறை அமைச்சர் த.மோ. அன்பரசனிடம். புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு உதிர்ந்த செய்தி வந்தபோது போய்ப் பார்த்தவர் அவர்தான்.

2022 டிசம்பர் மாற்றத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், சிஎம்டிஏ, முத்துசாமியிடமிருந்து சேகர்பாபுவுக்கு வந்தது. அன்றைய செய்தியில் உதயநிதி அமைச்சரானதுதான் தலைப்பு, இது உள்ளே ஒரு வரி. சில மாதத்தில் 2023–24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் ₹1,000 கோடி என்று அறிவித்தார்கள், அந்த வேலை சிஎம்டிஏ வழியாக நடந்தது. அது ஒரே கட்சி ஆட்சி, முதல்வர் ஒரு கையெழுத்தில் முடித்தார். கூட்டணி அமைச்சரவையில் அந்த ஒரு வரி இரண்டு கட்சிகளுக்கு இடையே மாதக்கணக்கில் பேச வேண்டிய விஷயமாகியிருக்கும். அடுத்த முறை அமைச்சரவை மாற்றச் செய்தி வரும்போது, யார் வந்தார் யார் போனார் என்று பார்த்த பிறகு கீழே இருக்கும் இலாகாப் பட்டியலையும் படியுங்கள். காசிமேட்டுக்கு மீன்வளம், எண்ணூருக்கு மின்சாரமும் சுற்றுச்சூழலும், கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு நகராட்சி நிர்வாகம், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நீர்வளம். இவை யாரிடமிருந்து யாரிடம் போயின, இரண்டு பேரும் ஒரே கட்சியா வேறு வேறு கட்சியா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.